வாயில் வைக்காமல் சுட்ட அப்பிள் பை

1

போன கிழமை என் தங்கச்சியின் கடிதம் வந்தது. மூன்றரைப் பக்கம் மன்னார்ப் புதினம். மிச்ச அரைப் பக்கத்தில் ஒரு கேள்வி: 'அக்கா, அங்கை அப்பிள் மரத்திலை இருந்து விழுந்து நிலத்திலை அழுகுமாமே, மெய்யோ? இஞ்சை ஒருத்தரும் நம்பீனமில்லை.'

நம்பமாட்டார்கள்தான். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது கொழும்பால் வருகிற மாமா ஒரு அப்பிள் கொண்டுவந்தால், அம்மா அதை ஏழாக வெட்டுவா. வெட்டி முடிக்கும்வரை ஏழு பேரும் கத்தியையே பார்த்துக்கொண்டு நிற்போம். யாருக்குப் பெரிய துண்டு என்று அடுத்த ஞாயிறு பூசைவரைக்கும் சண்டை நடக்கும். பிறகு சண்டை பெரிய சண்டையாகி, அப்பிள் என்ற பேச்சே இல்லாமல் போனது.

ஓம் தங்கச்சி, மெய்தான், அழுகும் என்று பதில் எழுதத் தொடங்கினேன். எழுதிய கையோடு சிரிப்பு வந்துவிட்டது. பேனையை வைத்துவிட்டுக் குசினியில் தனியாக நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவளுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று தோன்றியதால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

முதலில் அப்பிள் பை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவில் வெண்ணெய் சேர்த்து, அதை இரண்டு வட்டமாகத் தட்டி, நடுவில் சீனியும் கறுவாத் தூளும் போட்ட அப்பிள் துண்டுகளை வைத்து மூடி, போறணையில் சுடுவது. அந்த மாவுக்குப் பேஸ்ட்ரி என்று பெயர். எழுதும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது!

இன்னொன்றும் தெரிய வேண்டும். இங்கே பருவகாலமெல்லாம் தலைகீழ். மார்ச்சில் இலையுதிர்காலம் தொடங்குகிறது. நாங்கள் இனிப்பையும் இறைச்சியையும் விட்டு ஒறுத்தல் செய்கிற தவக்காலம் வருகிற அதே நேரத்தில்தான் ஒக்லண்டில் அப்பிள் முற்றுகிறது. ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சோதனையை எந்த நாடும் வைக்க முடியாது.

2

நாங்கள் இங்கே வந்த முதல் பதினெட்டு மாதத்தில் மூன்று வீடு மாறினோம். நாங்கள் என்றால் நான், என் கணவர் அன்ரன், மகள் டிலானி. ஒரு வீட்டுக்காரரின் மகன் கலியாணம் கட்டி வந்துவிட்டான். ஒரு வீட்டில் சுவர் முழுக்க ஈரம், பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்தது. மூன்றாவதை விற்றுவிட்டார்கள். வீட்டோடு பள்ளிக்கூடமும் மாறும். டிலானிக்கு அப்போது ஒன்பது வயது. ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் அவள் ஒரு சிநேகிதியைப் பிடிக்க, நாங்கள் பெட்டி கட்டுவோம். முதல் இரண்டு தடவையும் அழுதாள். மூன்றாம் தடவை அழாமல் தன் உடுப்பைத் தானே மடித்து வைத்தாள். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது. இனி ஒரு வீடு எடுத்தால் அதில் இருந்து யாரும் எங்களைக் கிளப்பக் கூடாது என்று அன்றைக்கு மனதுக்குள் சத்தியம் செய்தேன்.

ஆனால் வீடு தர ஆள் வேண்டுமே! வீடு பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டுகள் ஒரு படிவம் தருவார்கள். கடந்த ஐந்து வருடத்தில் வசித்த முகவரிகளை எல்லாம் எழுது என்று அதில் ஒரு கட்டம். நானும் கணக்கு ரீச்சராக இருந்தவள், ஒன்றையும் விடாமல் எழுதினேன். மன்னார், மடுவில் ஓலைக் கொட்டில், வவுனியாவில் இரண்டு, கொழும்பு லொட்ஜ் இரண்டு, இங்கே மூன்று. மொத்தம் ஒன்பது. இடம் போதாமல் பின்பக்கத்திலும் எழுதினேன். ஏஜென்ட் பெண் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! ஒன்பது வீட்டிலும் வாடகை கட்டாமல் ஓடி வந்தவள் என்று நினைத்திருப்பாள். ஓடித்தான் வந்தோம், ஆனால் அது வேறு கதை. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

கடைசியில் கார்த்திகையில் ஒரு டெய்ரியின் கண்ணாடியில் கையால் எழுதிய அட்டை ஒன்றைக் கண்டோம். டெய்ரி என்றால் இங்கே பாலும் பாணும் பத்திரிகையும் விற்கிற மூலைக்கடை. 'வீடு வாடகைக்கு. மூன்று அறை. அப்பிள் மரம் உண்டு.' படிவம் இல்லை, ஏஜென்ட் இல்லை. அன்று பின்னேரமே போய் நின்றோம்.

வீட்டுக்காரி ஜோன் எழுபது வயதுக்காரி. வெள்ளைத் தலை, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. தன்னை ஜோன் என்றே கூப்பிடச் சொன்னா. எழுபது வயது மனுசியை நான் எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? 'மிஸிஸ் ஜோன்' என்று ஒரு சமாதானத்துக்கு வந்தேன். அவ வீட்டைக் காட்டவில்லை. நேரே பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போய் மரத்தைக் காட்டினா. பெரிய மரமில்லை, ஏணியில் இரண்டு படி ஏறினால் உச்சியைத் தொடலாம். கடுகு கொஞ்சம் பருத்ததுபோல் பச்சைப் பிஞ்சுகள்.

"இது சமைக்கிற அப்பிள். ஈஸ்டருக்கு முற்றும்," என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டா. "உனக்கு அப்பிள் பை செய்யத் தெரியுமா?"

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை. "ஓ, யெஸ்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நாங்கள் ஒவ்வொரு கிழமையும் செய்கிறனாங்கள். என் கணவருக்கு அது இல்லாவிட்டால் சாப்பாடே இறங்காது," என்றும் சொன்னேன். அன்ரன் முழித்த முழியை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"நல்லது. ஈஸ்டருக்கு வருவேன், சாப்பிட," என்று வீட்டுத் திறப்பை என் கையில் வைத்தா.

காரில் ஏறியதும் பின்சீற்றிலிருந்து டிலானி சொன்னாள்: "மம், தட் வாஸ் அ லை."

"பொய்யில்லையடி. முற்பணம்," என்றேன். "ஈஸ்டருக்கு முதல் பழகினால் அது உண்மையாயிடும்."

அன்ரன் வண்டியைக் கிளப்பினார். சந்தி திரும்பியதும் இருவருக்கும் ஒன்றாகச் சிரிப்பு வந்து, வண்டியை ஓரத்தில் நிறுத்தவேண்டியதாகப் போய்விட்டது.

3

தை மாதம் முழுக்க அப்பிள் கோலிக்குண்டு அளவில் இருந்தது. நேரம் கிடக்குது என்று இருந்துவிட்டேன். பெப்ரவரியில் எலுமிச்சங்காய் அளவு. அப்போதும் நேரம் கிடந்தது. திடீரென்று பார்த்தால் விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்தபோதுதான் விரல்விட்டு எண்ணினேன். பை பழகவேண்டிய ஆறு கிழமையும் இனிப்பு வாயில் வைக்கக் கூடாத ஆறு கிழமை!

எல்லர்ஸ்லியில் நான் கோப்பு அடுக்குகிற அலுவலகத்தில் மூன்று பெண்களிடம் செய்முறை கேட்டேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூவருக்கும் தங்கள் தங்கள் அம்மாவின் முறைதான் சரி. ஒருத்தி முட்டை போடச் சொன்னாள், மற்றவள் முட்டை போட்டால் அது பையே இல்லை என்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுக்குள் மூண்ட தர்க்கத்தை விட்டு நான் மெதுவாகக் கழன்றுவிட்டேன்.

காற்றில் விழுந்த காய்களைப் பொறுக்கி முதல் பை செய்தேன். மா என்றால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்பு. ரொட்டிக்குப் பிசைகிறதுபோல் கைமணிக்கட்டை ஊன்றி, அடித்து, உருட்டி, பத்து நிமிடம் பிசைந்தேன். நெற்றி வியர்த்தது. மா பளபளவென்று பந்துபோல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ருசி பார்க்க நான் வாய் திறக்கக் கூடாது. அன்ரனும் கூடாது. அவர் இனிப்போடு சிகரெட்டையும் விட்டிருந்தபடியால் அவரோடு பேசவே முடியாது. டிலானி பள்ளிக்கூடத்தில் சொக்லேட்டை மட்டும் விடுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். "பை இஸ் நாட் சொக்லேட்," என்று சட்டம் பேசிக்கொண்டு கரண்டியோடு வந்தாள். ஒரு பிள்ளையின் வாயை மட்டும் நம்பமுடியாது என்று, அடுத்த தெருவில் இருக்கிற லலிதாவைக் கூப்பிட்டேன். லலிதா மதுரைக்காரி. புருஷனுக்குக் கொம்பியூட்டர் வேலை. அவளுக்குத் தவக்காலமும் இல்லை, முகத்துக்கு முன்னால் பொய் சொல்கிற பழக்கமும் இல்லை.

கத்தி உள்ளே போகவில்லை. லலிதா எழுந்து நின்று இரண்டு கையாலும் அமுக்கினாள். ஒரு துண்டு தெறித்துக் குளிர்சாதனப் பெட்டியில் பட்டு 'டங்' என்றது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். "இதை வச்சு வீட்டுக்குக் கூரை போடலாம்."

"உள்ளே இருக்கிற அப்பிள் எப்படி?"

அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். ஒரு கண் மூடிக்கொண்டது, மற்றக் கண்ணில் தண்ணீர் வந்தது. "சீனி போட்டீங்களா?"

"போட்டனே, ரெண்டு தேக்கரண்டி."

"ரெண்டு கப் போடணும் அக்கா! புளிப்புல பல்லெல்லாம் கூசுது!" டிலானி தரையில் உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு படுத்தபோது பயமாகத்தான் இருந்தது.

"எங்க வீட்ல சாமிக்குப் படைக்கிறதை யாரும் ருசி பார்க்க மாட்டாங்க. மூக்கை வச்சுத்தான் சமைப்போம். நீங்களும் மோந்து பாருங்க," என்று லலிதா ஒரு வழி சொன்னாள். அது உதவியது. புளிப்பு எவ்வளவு, சீனி எவ்வளவு, கறுவா எவ்வளவு என்று ஆவியிலேயே பிடிக்கப் பழகினேன். கறுவாவை அவள் பட்டை என்பாள். எப்படிச் சொன்னாலும் வீடு முழுக்க மணத்தது. அந்த மணத்துக்குள் நின்று வெறும் தேத்தண்ணி குடிக்கிற கொடுமையை நீங்கள் ஒருநாள் அனுபவித்துப் பார்க்கவேண்டும்.

கிரம்பிள் என்று ஒன்று இருக்கிறது. மேலே மூடி இல்லை. மாவையும் வெண்ணெயையும் விரல்நுனியால் உதிர்த்து அப்பிளின் மேல் தூவிச் சுடவேண்டும். அது எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. பிட்டுக்கு மா உதிர்க்கிற கைதானே! லலிதா இரண்டு கிண்ணம் சாப்பிட்டுவிட்டு வாய் திறந்து புகழ்ந்தாள். அப்பிள் ஷோர்ட்கேக்கும் பரவாயில்லாமல் வந்தது. ஆனால் நான் சொன்ன பொய் கிரம்பிள் இல்லை, பை. அந்தப் பேஸ்ட்ரி மட்டும் நான்கு தரம் செய்தும் நான்கு தரமும் ஓடு.

இதற்கிடையில் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. விரி என்ற பகுதியில் ஒரு பண்டசாலையில் வேலை செய்கிற அன்ரன் வீட்டுக்கு வந்ததும் நேரே மரத்தடிக்குப் போவார். ஒரு காய் பிடுங்கி, வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு, ஒரு கடி. மாங்காய் தோற்றுப்போகும்.

"என்னப்பா, தவக்காலத்திலை?" என்றேன்.

"இனிப்பைத்தானே விட்டனாங்கள். இது புளிப்பு," என்று எனக்கும் ஒரு கீறு நீட்டினார்.

அதற்குப் பிறகு நானும் தினமும் மரத்தடிக்குப் போனேன். லலிதா ஒரு வாளி நிறையப் பிடுங்கி ஊறுகாய் போட்டு, பாதியை எனக்கே தந்தாள்.

4

மார்ச் கடைசியில் ஜோனின் கடிதம் வந்தது. ஏப்ரலோடு வாடகை ஒப்பந்தம் முடிகிறது, தன் மகன் வீட்டை விற்கச் சொல்கிறான், தான் இன்னும் முடிவெடுக்கவில்லை, ஈஸ்டர் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு வந்து பை சாப்பிட்டுவிட்டு முடிவைச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தா. எழுத்து அவ்வளவு அழகாக இருந்தது.

டிலானிக்கு மறைக்கத்தான் பார்த்தோம். ஆனால் இங்கிலீஷ் கடிதம் என்றால் எங்கள் வீட்டில் முதலில் வாசிப்பது அவள்தானே. அன்று பள்ளியிலிருந்து வந்த சிநேகிதியின் பிறந்தநாள் அழைப்பை மட்டும் மேசையில் வைத்தாள். பிறந்தநாள் மே மாதத்தில். "வில் வி பி ஹியர்?" என்று கேட்டாள். நான் தமிழில் என்னவோ சொல்லி மழுப்பினேன்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும். நெஞ்சில் கிடந்த பெரிய பாவம் அந்தப் பை. எங்கள் பங்குக் கோயிலில் இருந்தவர் வயதான வெள்ளைக்காரச் சுவாமியார். எனக்கு இங்கிலீஷில் பாவம் சொல்வது எப்போதும் கஷ்டம். தமிழில் ஒரு பாவத்தை வளைத்து நெளித்து, பார்ப்பதற்குப் பாவம்போல் இல்லாமல் சொல்லிவிடலாம். இங்கிலீஷில் எனக்கு அவ்வளவு சொற்கள் இல்லாதபடியால் எல்லாம் நேரே வந்து விழும்.

"சுவாமி, நான் அப்பிள் பை செய்யத் தெரியும் என்று பொய் சொல்லி ஒரு வீடு எடுத்தேன்."

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல். இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"இப்போது தெரியுமா, மகளே?"

"இல்லை சுவாமி. பேஸ்ட்ரி கல்லாக வருகிறது."

"எவ்வளவு நேரம் பிசைகிறாய்?"

"பத்து நிமிடம்."

"கடவுளே!" என்றார். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் அவர் அதிர்ந்து நான் கேட்டது அந்த ஒரு முறைதான். "பிசையவே கூடாது. வெண்ணெய் குளிராக இருக்கவேண்டும். கையை எவ்வளவு குறைவாக வைக்கிறாயோ அவ்வளவு நல்லது." மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். பொய்யைச் சொன்ன ஆளிடமே உண்மையைச் சொன்னால் மனம் இன்னும் லேசாகும் என்றும் சொன்னார். முதல் பாதியைக் குறித்துக்கொண்டேன். இரண்டாம் பாதி காதில் விழாததுபோல் எழுந்து வந்துவிட்டேன்.

5

பெரிய வெள்ளியன்று எங்கள் தமிழ்ச் சனம் சேர்ந்து சிலுவைப்பாதை செய்தோம். ஊரில் என்றால் சிலுவைப்பாதை போகிற தெருவெல்லாம் தாகசாந்தி வைப்பார்கள். இங்கே தெருவில் மோர்ப்பானை வைத்தால் நகரசபைக்கு ஒரு படிவம் நிரப்பவேண்டியிருக்கும். "எங்கடை வீட்டை வாருங்கோவன், மோரும் கஞ்சியும் இருக்கு," என்று அன்ரன் பலத்த குரலில் எல்லோரையும் அழைத்துவிட்டார். இருபத்துமூன்று பேர் வந்தார்கள்.

காலையிலிருந்து ஒருசந்தி விரதம். மூன்று மணிக்குப் பிறகு கஞ்சி. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை. யாரோ பின்வளவை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உது புளிக்குமோ?"

"நல்லாப் புளிக்கும், தம்பி," என்று வாயைக் கொடுத்தவள் நானேதான்.

ஒருவர் நான்கு காய் கொண்டுவந்தார். நான் வெட்டினேன். உப்பு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெங்காயம் போட்டுப் பிரட்டினேன். கஞ்சிக்கு அது பொருந்திய பொருத்தம்! இன்னும் நான்கு வந்தது. பிறகு ஒரு வாளி வந்தது. நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். சனம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையோ வருடமாக இப்படிக் கூட்டமாய் இருந்து சாப்பிடவில்லை, எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை.

கடைசி ஆளை அனுப்பிவிட்டு, கத்தியைக் கழுவிக்கொண்டு யன்னலால் பார்த்தேன். மரம் மொட்டை அடித்துக்கொண்டு நின்றது. வெறும் இலை. ஓடிப்போய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். உச்சியில் ஒன்று இருந்தது, அதையும் ஒரு குருவி பாதி தின்றிருந்தது.

"அன்ரன்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

6

பெரிய வெள்ளியன்றும் ஈஸ்டர் ஞாயிறன்றும் இங்கே கடைகள் பூட்டு. நடுவில் சனிக்கிழமை ஒன்றுதான். அன்ரன் சந்தைக்கடை திறக்கமுதல் வாசலில் நின்று, பச்சை அப்பிள் முப்பது வாங்கிக்கொண்டு வந்தார். பைக்கு எட்டுப் போதும்.

"மிச்சம் என்னத்துக்கு?"

அவர் ஒரு உருண்டை நைலோன் நூலை எடுத்து மேசையில் வைத்தார். எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது.

"உங்களுக்கு விசரே!"

"மனுசி வந்ததும் மரத்தைத்தான் பாக்கும். மொட்டை மரத்தைக் காட்டுவீரோ? தூரத்திலை இருந்து பாத்தால் தெரியாதப்பா."

நான் சண்டை பிடிக்கவேண்டும். பிடிக்கவில்லை. ஏணியைப் பிடித்தேன். புனித சனியன்று, ஆண்டவர் கல்லறையில் கிடக்கிற நாளில், இரண்டு வளர்ந்த மனிதர் ஒரு மரத்தில் அப்பிள் கட்டினோம். அன்ரன் பேசாலையில் வலை பின்னிய குடும்பம். ஒவ்வொன்றுக்கும் காம்பில் வலைமுடிச்சாகப் போட்டார். டிலானி பின்கதவுப் படியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "ஐ ஆம் நாட் ஹெல்பிங்," என்றாள். கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டு எழுந்து வந்து சொன்னாள்: "டாட், யு லெஃப்ட் த ஸ்டிக்கர்ஸ் ஆன்."

ஒவ்வொரு அப்பிளிலும் கடை ஸ்டிக்கர் மினுங்கிக்கொண்டு நின்றது. மூவரும் சேர்ந்து உரித்தோம். ஏணி ஆடுகிற அளவுக்குச் சிரித்தோம்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்து பேஸ்ட்ரிக்கு உட்கார்ந்தேன். வெண்ணெய் குளிர், தண்ணீர் குளிர். பிசையாதே, பிசையாதே என்று செபமாலைபோல் சொல்லிக்கொண்டேன். பதற்றம் என்று வந்தால் கை தன் பாட்டுக்குப் போகும். சுயநினைவு வந்தபோது மா பளபளவென்று பந்தாகி இருந்தது. மறுபடி செய்ய வெண்ணெய் இல்லை. அதையே தட்டி மூடிப் போறணைக்குள் தள்ளினேன்.

சரியாக மூன்று மணிக்கு ஜோன் வந்தா. கையில் ஒரு போத்தல் கிரீம். "ஹலோ" சொல்லிவிட்டு, எதிர்பார்த்தபடியே நேரே பின்வளவுக்கு நடந்தா. மரத்தைப் பார்த்து முகம் மலர்ந்தது. கையை நீட்டி ஒரு அப்பிளைப் பிடித்து இழுத்தா.

அப்பிள் வரவில்லை. கிளை வந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தா. கிளை வளைந்து, விட்டதும் 'சட்' என்று நிமிர்ந்து, அப்பிள் ஊஞ்சல் ஆடியது. பேசாலை முடிச்சு, லேசில் விடுமா? அன்ரன் வானத்தைப் பார்த்தார். ஜோன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனா.

அப்போது என் வாய் திறந்தது. இந்த முறையும் அது என்னைக் கேட்கவில்லை. "மிஸிஸ் ஜோன், நான் பொய் சொன்னேன். எனக்குப் பை தெரியாது. என் கணவர் ஒருநாளும் பை சாப்பிட்டதில்லை. மரத்தில் இருந்ததை எல்லாம் நாங்கள் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுச் சாப்பிட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை இருபத்துமூன்று பேர் வந்தார்கள். இது கடை அப்பிள். நேற்றுக் கட்டினோம். எங்களுக்கு இந்த வீடு வேணும்." ஒரே மூச்சு. நான் வாழ்க்கையில் பேசிய ஆக நீளமான இங்கிலீஷ் அதுதான்.

ஜோன் மரத்தைப் பார்த்தா. கீழே புல்லைப் பார்த்தா. ஒரு காய்கூட விழுந்து கிடக்கவில்லை.

"எல்லாவற்றையும் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டா. "முப்பது வருடமாக இந்த மரத்தை யாரும் முடித்ததில்லை. முன்பு இருந்தவர்கள் அழுக விட்டார்கள். குளவி வந்து, எலி வந்து, வெட்டச் சொல்லி மகன் நின்றான்." சொல்லிக்கொண்டு போனவ, ஆடிக்கொண்டிருந்த அப்பிளை இன்னொரு தரம் சுண்டினா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. படியில் குந்தி, கண்ணாடியைக் கழற்றி, மூக்கைத் துடைத்துச் சிரித்தா.

"நீ பொய் சொல்கிறாய் என்று அன்றைக்கே தெரியும்," என்றா. "உன் கணவரின் முகத்தைப் பார்த்தேன், பாவம். வீடு பார்க்க வந்த வேறு யாரும் எனக்காக ஒரு பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அன்ரன் கத்தியால் நூலை வெட்டி ஒரு அப்பிளைக் கீறி, உப்பும் தூளும் தொட்டுக் கொடுத்தார். ஜோன் முகம் சிவந்து, இருமி, தண்ணீர் குடித்து, இன்னொரு கீறு கேட்டா.

பிறகு பை. கத்தி இறங்க மறுத்தது. ஜோன் ரப்பர் சப்பாத்தோடு எழுந்து நின்று, மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்டினா. ஒரு துண்டை வாயில் வைத்து நெடுநேரம் மென்றா. தவக்காலம் முடிந்தபடியால் நானும் வைத்தேன், நான் சுட்ட பையை முதல் தடவையாக. உள்ளே தேன். வெளியே தேய்ந்த செருப்பு.

ஒருவரும் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. எங்களுக்குக் கேட்கப் பயம். கேட்டது டிலானிதான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஜோனை நேருக்கு நேர் பார்த்து, "ஆர் யு கோயிங் டு செல் அவர் ஹவுஸ்?" என்றாள்.

எங்கள் வீடு என்கிறாள். ஊரை விட்டபிறகு எங்களில் யாருமே ஒரு வீட்டை அப்படிச் சொன்னதில்லை. ஜோன் வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை பிள்ளை அசையவில்லை.

"உன் அம்மா ஒழுங்காகப் பேஸ்ட்ரி செய்யப் பழகும்வரைக்கும் விற்கமாட்டேன்," என்றா ஜோன்.

அதற்குப் பிறகு மூன்று ஈஸ்டர் வந்துபோய்விட்டது. ஜோன் ஒவ்வொரு முறையும் வருகிறா, கிரீமோடு. கிரம்பிளும் ஷோர்ட்கேக்கும் இப்போது நான் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன், அலுவலகத்தில் அந்த மூன்று பெண்களும் என்னிடம் செய்முறை கேட்கிறார்கள். பேஸ்ட்ரி மட்டும் இன்னும் சரிவரவில்லை. சரிவர நான் விடப்போவதுமில்லை.